நோய் வந்த பிறகு விட்டு என்ன பிரயோசனம்?

வாய்ப் புற்றுநோய் ஒப்பரேசனுக்குப் போகிறவர்களும் வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டியவை



வாய்ப் புற்றுநோய் என்று டொக்டர் சொல்லி, ஒப்பரேசனுக்குத் தேதியும் கொடுத்த பிறகு நம் லயங்களில் ஒரு பேச்சு கிளம்பும். "வர்றது வந்திருச்சு. இனிமே வெத்தலய விட்டு என்ன, சாராயத்த விட்டு என்ன? ஆசப்பட்டத அனுபவிச்சிட்டுப் போகட்டும்." நோயாளியும் இதைச் சொல்கிறார். அவர் மேல் உயிரையே வைத்திருக்கும் மனைவியும் மகனும் சொல்கிறார்கள். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் சரியில்லாத பேச்சு. நோய் வராமல் தடுப்பதற்காக விடுவது ஒன்று. வந்த நோயை வெட்டி எடுக்கும்போது ஆள் பிழைத்து எழும்புவதற்காக விடுவது இன்னொன்று. இரண்டாவதுதான் அவசரம். ஆனால் அதைப் பற்றி நம் மக்களுக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள் குறைவு.

இலங்கையில் ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். தோட்டப்புறத்தில் பெண்களும் வெற்றிலை போடுவதால் அவர்களும் இதற்குத் தப்புவதில்லை. விடியக்காலைக் குளிருக்கு ஒரு வாய், மலை ஏறினால் பசி தெரியாமல் இருக்க ஒரு வாய், பத்து மணித் தேத்தண்ணிக்குப் பிறகு ஒரு வாய் என்று பழகியது. அந்தப் பழக்கத்தைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அவ்வளவு குளிரிலும் மழையிலும் நின்று கொழுந்து எடுக்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியும், ஓபீசில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அந்த அளவுக்குத் தெரியாது. நோய் என்று தெரிந்த நாளிலிருந்து என்ன செய்யலாம் என்பதுதான் இங்கே விஷயம்.

புண் ஆறுவதற்கு இரத்தம் ஓட வேண்டும்

வாய்ப் புற்றுநோய் ஒப்பரேசன் என்றால் புண்ணை மட்டும் சுரண்டி எடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நோய் இருக்கிற இடத்தோடு சேர்த்து, சுற்றியுள்ள நல்ல சதையிலும் கொஞ்சம் வெட்டி எடுப்பார்கள். நாக்கில் ஒரு பங்கு போகலாம், கன்னத்தின் உட்பக்கம் போகலாம், தாடை எலும்பில் ஒரு துண்டு போகலாம். கழுத்தில் உள்ள நெறிக்கட்டிகளையும் பல பேருக்கு எடுப்பார்கள். பெரிதாக வெட்டின இடத்தை அப்படியே விட முடியாது. கையிலிருந்தோ நெஞ்சிலிருந்தோ தொடையிலிருந்தோ சதையும் தோலும் எடுத்து அங்கே வைத்துத் தைப்பார்கள்.

நர்சரியிலிருந்து தேயிலைக் கன்றைக் கொண்டுபோய் மலையில் நடுகிறோம். வேர் பிடிக்கிறவரை ஈரம் வேண்டும். ஈரம் இல்லாவிட்டால் இரண்டு நாளில் இலை சுருண்டு கருகிப் போகும். ஒட்டவைத்த சதையும் அதே மாதிரித்தான். அதற்கு ஈரம் என்பது இரத்தம். புகையிலையில் உள்ள நிக்கொட்டின் சின்னச் சின்ன இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். பீடி, சிகரெட், சுருட்டுப் புகையில் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவும் இருக்கிறது. இரத்தத்தில் ஒட்சிசன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். குழாயும் சுருங்கி, வருகிற கொஞ்ச இரத்தத்திலும் ஒட்சிசன் குறைந்தால் தையல் போட்ட இடம் எப்படிப் பிடிக்கும்? புண் பிரிகிறது, சீழ் வைக்கிறது, ஒட்டவைத்த சதை கறுத்துப் போகிறது. பிறகு இன்னொரு ஒப்பரேசன் செய்ய வேண்டி வருகிறது.

நெஞ்சுக்கும் இதே கதைதான். புகை பிடிக்கிறவருடைய மூச்சுக் குழாயில் சளி கூடுதலாக இருக்கும், அதை மேலே தள்ளிவிடுகிற சக்தி குறைந்திருக்கும். மயக்கமருந்தில் பல மணித்தியாலம் படுத்துக் கிடந்து எழும்பும்போது அந்தச் சளி நெஞ்சுக்குள் தங்கி நிமோனியா ஆகிறது. வாயிலும் கழுத்திலும் தையலோடு இருமுவதை நினைத்துப் பாருங்கள்.

எத்தனை நாளைக்கு முன்னால் விட வேண்டும்?

கடைசிப் பீடி குடித்து ஒரு நாள் ஆவதற்குள்ளேயே காபன் மொனொக்சைட் பெரும்பாலும் இரத்தத்தை விட்டுப் போய்விடும். புண் ஆறுவதிலும் நெஞ்சிலும் நல்ல வித்தியாசம் தெரிவதற்கு 4 வாரமாவது வேண்டும். 4 வாரத்துக்கு மேல் விட்டிருக்கிற ஒவ்வொரு வாரமும் பலனைக் கூட்டிக்கொண்டே போகிறது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020ஆம் ஆண்டில் அறிவித்தது.

நோய் இன்னதென்று தெரிவதற்கும் ஒப்பரேசன் மேசையில் ஏறுவதற்கும் இடையில் பொதுவாகச் சில வாரங்கள் போகும். ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, மயக்கமருந்து டொக்டரைப் பார்ப்பது, கட்டில் கிடைப்பது என்று அலைச்சல். அந்த நாட்களை 'சும்மா காத்திருக்கிற நாள்' என்று எண்ண வேண்டாம். விடுவதற்குக் கிடைத்த நாட்கள் அவை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். 'இன்னும் 4 வாரம் ஆகவில்லையே' என்று ஒப்பரேசனை நீங்களாகத் தள்ளிப் போடாதீர்கள். புற்றுநோய் காத்திருக்காது. கொடுத்த தேதிக்குப் போக வேண்டியதுதான். 3 நாள்தான் இருக்கிறது என்றால் அந்த 3 நாளும் விட்டுவிட்டுப் போங்கள், அதற்கும் பலன் உண்டு. 'ஒப்பரேசனுக்குக் கிட்டத்தில் விட்டால் சளி கூடும், அதனால் விடக்கூடாது' என்று ஒரு கதையும் உலாவுகிறது. அதை நம்ப வேண்டாம்.

"பீடி இல்ல, சாராயம் இல்ல, வெத்தல மட்டுந்தான்"

கிளினிக்கில் 'சிகரெட் குடிப்பீர்களா' என்று கேட்டால் நம் பெண்கள் 'இல்லை' என்று சொல்கிறார்கள். பொய் இல்லை, உண்மைதான். ஆனால் வாய்க்குள் அடக்கி வைக்கிற புகையிலையும் புகையிலைதான். அதிலிருந்து நிக்கொட்டின் கன்னத்தின் தோல் வழியாகவே இரத்தத்துக்குள் இறங்குகிறது. கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்: "புகையிலை போட்டு வெத்தல போடுறேன், ஒரு நாளைக்கு இத்தன வாய்."

'புகையிலையை விட்டுவிட்டேன், பாக்கு மட்டும் போடுகிறேன்' என்பதும் உதவாது. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில் சொல்லிவிட்டது. நாட்பட்ட பாக்குப் பழக்கம் வாயின் உட்சதையை இறுக்கி, வாயைத் திறக்க முடியாமல் செய்துவிடும். இரண்டு விரல்கூட நுழையாத வாய்க்குள் மயக்கமருந்து டொக்டர் மூச்சுக் குழாயை எப்படி இறக்குவார்? சாஷேயில் விற்கிற புகையிலைப் பாக்குக் கலவைகளை 2016ஆம் ஆண்டில் அரசாங்கம் தடை செய்தது. ஆனாலும் ஒளித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள், வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஒப்பரேசனுக்கு முந்தின இரவு 'எதுவும் வாயில் போடக்கூடாது' என்று நர்ஸ் சொன்னால் வெற்றிலையும் அதில் சேர்த்திதான். சோறுதான் கூடாது, வெற்றிலை பரவாயில்லை என்று எண்ணிப் போட்டுவிட்டால் ஒப்பரேசன் தள்ளிப்போகும். மறுபடி எப்போது தேதி கிடைக்குமோ தெரியாது.

சாராயமும் கசிப்பும்: இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்

பீடியையும் வெற்றிலையையும் இன்றைக்கே, இந்த நிமிஷமே விடலாம். எரிச்சல் வரும், தூக்கம் கெடும், கை எதையோ தேடும். ஆனால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. குடி அப்படியில்லை.

சம்பள நாளிலும் திருவிழாவிலும் மட்டும் குடிக்கிறவர் அப்படியே நிறுத்திவிடலாம். தினமும் குடிக்கிறவர், அதிலும் காலையில் எழும்பினால் கை நடுங்கி, ஒரு வாய் ஊற்றினால்தான் நடுக்கம் நிற்கிறது என்கிற நிலையில் இருக்கிறவர், தானாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது. உடம்பு சாராயத்தை வைத்தே ஓடப் பழகியிருக்கும். நிறுத்தின 6 மணித்தியாலத்திலிருந்து ஒரு நாளைக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு தொடங்கும். முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறிவிடும். சுவரில் பூச்சி ஓடுகிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், பெற்ற பிள்ளையைத் தெரியாது என்பார், கட்டிலை விட்டுக் குதித்து ஓடுவார். வைத்தியம் செய்யாவிட்டால் சாவும் வரலாம்.

வார்ட்டில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 'குடிப்பீங்களா' என்று கேட்கும்போது பக்கத்தில் மருமகள் நிற்கிறாள், வெட்கம், 'இல்லை' என்று சொல்லிவிடுகிறார். ஒப்பரேசன் முடிகிறது. மூன்றாம் நாள் அவர் கத்தி எழும்பி, மூக்கு வழியாகச் சாப்பாடு போகிற குழாயையும் சேலைன் ஊசியையும் பிடுங்கி எறிகிறார். தையல் பிரிகிறது. வீட்டார் 'பேய் அடிச்சிருக்கு, ஆஸ்பத்திரியில ஏதோ பட்டிருக்கு' என்று மந்திரித்த கயிறு தேடுகிறார்கள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. உடம்பு சாராயத்தைக் கேட்கிறது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் நடுக்கத்தை அடக்குகிற மாத்திரையும் வைட்டமின் பீ1 மருந்தும் கொடுத்து, இவ்வளவும் வராமல் பார்த்திருப்பார்கள்.

ஆகவே தினமும் குடிக்கிறவர் ஒப்பரேசனுக்கு 4 வாரத்துக்கு முன்னாலேயே குடியை விட முயற்சிக்க வேண்டும், ஆனால் டொக்டரிடம் சொல்லி, அவர் பார்வையில் விட வேண்டும். தேவையென்றால் ஆஸ்பத்திரியில் வைத்தே நிறுத்த உதவுவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கூடுதலாகக் குடிக்கிறவர்களுக்கு ஒப்பரேசனில் இரத்தம் கட்டுப்படாமல் போவது, புண்ணில் கிருமி சேர்வது, இருதயம் தடுமாறுவது எல்லாம் கூடுதல். ஈரல் கெட்டிருந்தால் இரத்தம் உறைவதற்கான சத்தை அது சரியாகச் செய்யாது. மயக்கமருந்தின் அளவையும் டொக்டர் யோசித்துத்தான் போட வேண்டியிருக்கும்.

குடித்தவர்கள் பெரும்பாலும் சாப்பிடுவதில்லை. வாயில் புண் வேறு. நல்ல வெயில் காலத்தில் வாடிப்போன மலையில் யாராவது கவ்வாத்து வெட்டுவார்களா? ஆளுக்கும் கொஞ்சம் பலம் இருக்க வேண்டும். அந்தச் சில வாரங்களில் போத்தலுக்குப் போகிற காசில் முட்டை, பருப்பு, பால், கடைந்த கீரை என்று மெல்லக் கஷ்டமில்லாததாகப் பார்த்துக் கொடுங்கள்.

வலிக்கு ஒரு வாய் சாராயம் கொப்பளிப்பது, வலிக்கிற இடத்தில் புகையிலைக் காம்பை அடக்குவது என்பதெல்லாம் வேண்டவே வேண்டாம். ஆஸ்பத்திரியில் கொடுத்த வலி மருந்தோடு குடிப்பது அதைவிட ஆபத்து. மோர்பின் போன்ற மருந்தும் சாராயமும் ஒன்று சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு அடங்கிவிடலாம்.

ஒரு துண்டு எழுதிக்கொண்டு போங்கள்

மகரகமவுக்கோ கண்டிக்கோ பதுளைக்கோ போனால் கேள்வி பெரும்பாலும் சிங்களத்தில் வரும். கூட்டம் நெருக்கும். அந்த இடத்தில் நம் ஆள் தலையை ஆட்டுவார், எதற்கு ஆட்டினார் என்று அவருக்கே தெரியாது. இதற்கு நல்ல வழி, வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது. எது குடிக்கிறார், சாராயமா, கசிப்பா, கள்ளா? ஒரு நாளைக்குக் காலா, அரையா, முழுப் போத்தலா? எத்தனை வருஷமாக? கடைசியாகக் குடித்தது எந்த நாள், எத்தனை மணி? முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா? பீடி எத்தனை, வெற்றிலை எத்தனை வாய்? கசிப்பு என்றால் கசிப்பு என்றே எழுதுங்கள். டொக்டர் பொலிசுக்குச் சொல்வாரோ என்று சிலர் பயப்படுகிறார்கள். அவர் கேட்பது மருந்தின் அளவைத் தீர்மானிப்பதற்காக.

சிங்களம் எழுதத் தெரிந்த பிள்ளை லயத்தில் இருந்தால் எழுதச் சொல்லுங்கள். பெண்கள் குடிக்கிற விஷயமும் நம் இடங்களில் உண்டு, அதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. மருத்துவமாதிடம் தனியாகச் சொன்னாலும் போதும், அவர் அதைக் கடிதத்தில் எழுதிவிடுவார்.

வீட்டார் செய்ய வேண்டியது

நோயாளியை மட்டும் விடச் சொல்லிவிட்டு, வாசல் திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்து வெற்றிலை இடித்தால் அந்த மனுஷன் என்ன செய்வார்? உரல், பாக்குவெட்டி, சுண்ணாம்பு டப்பா எல்லாவற்றையும் கண்ணில் படாத இடத்துக்கு எடுத்துவிடுங்கள். முடிந்தால் கணவனும் மனைவியும் சேர்ந்தே விடுங்கள். இரண்டு பேர் சேர்ந்து விட்ட வீடுகளில்தான் அது நிலைத்ததை நான் பார்த்திருக்கிறேன். பீடி வாங்கப் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்புகிற வழக்கமும் நிற்க வேண்டும். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலையோ மதுவோ விற்பது 2006ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம்.

விட்ட முதல் 3 நாள்தான் கடுமை. முதல் வாரம் முழுக்கச் சிடுசிடுப்பு இருக்கும், 3, 4 வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆசை வந்தால் சில நிமிஷத்துக்குள் தானாகத் தணியும். அந்தச் சில நிமிஷத்தை எப்படித் தள்ளுவது என்பதுதான் வித்தை. ஒரு கோப்பை தண்ணீரை மெதுவாகக் குடிக்கலாம், எழும்பித் தோட்டத்துப் பக்கம் நடக்கலாம், பேரப்பிள்ளையைக் கையில் வாங்கிக்கொள்ளலாம். வெற்றிலைக்குப் பதிலாகக் கிராம்பு, இஞ்சி என்று உறைப்பானதை வாயில் போடாதீர்கள், புண் எரியும். நிக்கொட்டின் மருந்துகள் பற்றி டொக்டரிடமே கேளுங்கள், வாய் ஒப்பரேசனுக்கு எது ஏற்றது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

"நீ போட்ட வெத்தலதான் ஒன்ன இந்தக் கதிக்குக் கொண்டுவந்துச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். ஏச்சு வாங்கினவர் விடமாட்டார், ஒளித்துப் போடுவார். ஒருநாள் தவறிப் போட்டுவிட்டாலும் 'போச்சு, எல்லாம் போச்சு' என்று விட்டுவிடாமல் அடுத்த நாளிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிற சொந்தக்காரர்களிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். தோடம்பழத்துக்குள் பீடிக் கட்டை ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்த மச்சான்மார் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள்.

ஒப்பரேசனுக்குப் பிறகு

ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை பெரும்பாலானோர் விட்டுத்தான் இருக்கிறார்கள், வேறு வழியில்லை. சோதனை வீட்டுக்கு வந்த பிறகுதான். பல பேருக்கு ஒப்பரேசனோடு முடியாது, கதிர் சிகிச்சையும் இருக்கும். நம் மக்கள் 'கரண்டு பிடிக்கிறது' என்பார்கள். வாரத்துக்கு 5 நாள் என்று பொதுவாக 6 வாரம் அளவில் போகும். அந்த நாட்களில் புகைத்தால் வாயில் புண் கூடும், கதிர் நோயைத் தாக்குகிற வேகமும் குறையும், ஏனென்றால் நோய்க் கட்டிக்குள் ஒட்சிசன் குறைந்தால் கதிர் சரியாக வேலை செய்யாது. இவ்வளவு தூரம் பஸ் ஏறி, பேர் இழந்து, இருக்கிற நகையையும் அடகு வைத்துப் போய்ப் பிடிக்கிற கரண்டின் பலனை ஒரு பீடி தின்றுவிடுகிறது. தொடர்ந்து புகைப்பவர்களுக்கும் குடிப்பவர்களுக்கும் அதே வாயிலோ தொண்டையிலோ சாப்பாட்டுக் குழாயிலோ இன்னொரு புற்றுநோய் புதிதாக வரவும் வாய்ப்புக் கூடுதல். இரண்டும் சேர்ந்தால் ஒன்றோடு ஒன்றைக் கூட்டினது போல இல்லை, பெருக்கினது போல.

கல்யாண வீடு, கருமாதி வீடு என்று போகும்போது வெற்றிலைத் தட்டு வரும். மறுத்தால் மரியாதைக் குறைவு என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. தாம்பூலத்தைக் கையில் வாங்கினாலே மரியாதை முடிந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு வரலாம், சாமி விளக்குக்கு முன் வைக்கலாம்.

வீட்டில் மற்றவர்கள் வாயையும் ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ தழும்பு, 3 வாரமாகியும் ஆறாத புண், வாய் திறக்கக் கஷ்டம், இதில் எது இருந்தாலும் பல் டொக்டரிடம் காட்ட வேண்டும்.

விடுவதற்கு உதவி தேவைப்பட்டால் தோட்ட டிஸ்பென்சரியிலும் எங்கள் ஓபீசிலும் கேட்கலாம். கிளினிக்குக்குக் கொண்டுபோகிற கடிதத்தைச் சிங்களத்தில் எழுதித் தர நாங்கள் தயார். ஆனால் முந்தின நாள் சாயங்காலமே வாருங்கள். விடியக்காலை 4 மணி பஸ்சுக்குப் போகிற வழியில் வந்து கதவைத் தட்டினால், அந்த அவசரத்தில் எத்தனை போத்தல் என்பதுதான் முதலில் விடுபட்டுப் போகிறது.